கல்லூரியில் பரிணாமம் கற்பித்தல்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இளநிலை உயிரியல் வகுப்புகளில் பரிணாமப் பாடம் எடுப்பவர்களுக்கான பக்கம் இது. பாடப்புத்தகத்தில் உள்ளதைத் திரும்பச் சொல்லவில்லை. வகுப்பில் எது தடுக்கிவிடுகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? டார்வினின் கடல் பயணத்திலிருந்தா?

வேண்டாம். வரலாற்றிலிருந்து தொடங்கினால் "லாமார்க் தவறு, டார்வின் சரி" என்ற இருவரிக் கதைதான் மாணவர் மனத்தில் நிற்கும். அந்தக் கதையே முழு உண்மையல்ல. வாழ்நாளில் பெற்ற மாற்றங்கள் பிள்ளைகளுக்குப் போகும் என்று லாமார்க்கைப் போலவே டார்வினும் நம்பினார். 1868-இல் அதற்கென ஒரு கருதுகோளையே முன்வைத்தார். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தையும் ஒதுக்கிவிடுங்கள். அந்தக் கழுத்து ஏன் நீண்டது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. முதல் வகுப்புக்கு அது நல்ல எடுத்துக்காட்டு அல்ல.

அளவெடுப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே வகை அவரை விதை 50 கொடுங்கள். வெர்னியர் அளவியால் 0.1 மி.மீ. வரை நீளம் அளந்து, அலைவெண் வரைபடம் போடச் சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி: "இவற்றில் எது சரியான விதை?" பெரும்பாலானவர்கள் சராசரியைக் காட்டுவார்கள், மற்றவற்றைக் குறைபாடு என்பார்கள். அந்த எண்ணத்தை அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். சராசரி நீளமுள்ள விதை அந்த 50-இல் ஒன்றுகூட இல்லாமல் போகலாம் என்று அவர்களே கண்டுபிடித்தால், இனக்கூட்டம் என்ற சொல்லுக்கு அன்றைக்கே பொருள் கிடைத்துவிடும். இரண்டு பேர் ஒரே விதையை அளந்து பார்க்கவும் வேண்டும். அளவைப் பிழை எவ்வளவு, உண்மையான வேறுபாடு எவ்வளவு என்று பிரிக்காவிட்டால் இந்தப் பயிற்சியில் பாதி வீண்.

எத்தனை முறை சொன்னாலும் "தேவைப்பட்டதால் மாற்றிக்கொண்டது" என்றே எழுதுகிறார்களே, ஏன்?

பாதிக் குற்றம் நம் வாக்கியங்களுடையது. "தகவமைத்துக்கொண்டது", "எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொண்டது" என்று நாமே கரும்பலகையில் எழுதுகிறோம். "கொள்" என்ற துணைவினை, செய்பவர் தனக்காக, தெரிந்தே செய்வதைக் குறிப்பது. "குடை எடுத்துக்கொண்டான்" என்பதும் "பாக்டீரியா மாற்றிக்கொண்டது" என்பதும் இலக்கணத்தில் ஒரே அச்சு. மாணவர் அந்த அச்சை அப்படியே நம்புகிறார்.

திருத்தி எழுதும் பயிற்சி நன்றாகப் பலன் தரும். "பூச்சி, மருந்துக்கு எதிர்ப்புத்தன்மையை வளர்த்துக்கொண்டது" என்ற வரியைக் கொடுத்து, "கொள்" வராமலும், தனி உயிரி எழுவாயாக வராமலும் எழுதச் சொல்லுங்கள். கிடைக்க வேண்டிய விடை ஏறக்குறைய இப்படி: "மருந்து தெளிக்கும் முன்பே எதிர்ப்புத்தன்மை உடைய சில பூச்சிகள் இருந்தன. தெளித்த பின் மற்றவை பெருமளவு மடிந்தன. தப்பியவற்றின் குஞ்சுகளும் அத்தன்மையோடு பிறந்ததால் அடுத்த தலைமுறையில் அவற்றின் விகிதம் கூடியது." எழுவாய் பூச்சியிலிருந்து விகிதத்துக்கு நகர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள். எந்தக் கேள்வி வந்தாலும் "எதன் விகிதம், எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு?" என்று திருப்பிக் கேட்பதை வகுப்பின் வழக்கமாகவே ஆக்கிவிடலாம்.

"பரிணாம வளர்ச்சி" என்று சொல்லலாமா?

"பரிணாமம்" போதும். "வளர்ச்சி" சேர்ந்தாலே ஏணி வந்துவிடுகிறது: கீழே புழு, மேலே மனிதன். குகை மீன்கள் கண்ணை இழந்ததும், நாடாப்புழு குடலையே இழந்ததும் பரிணாமம்தான். "கூர்ப்பு" என்ற சொல்லைப் பயன்படுத்துபவர்களும் அதே எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். கூர்மையடைதல் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "வலியது வாழும்" என்ற வரியையும் கைவிடலாம். நிறைய சந்ததி விட்ட நோஞ்சான், சந்ததியே இல்லாத பலசாலியைவிடத் தகுதி கூடியது.

மருந்துக்கு முன்பே எதிர்ப்புத்தன்மை இருந்தது என்பதற்கு என்ன சான்று என்று கேட்டால்?

நல்ல கேள்வி, மழுப்பக்கூடாது. 1943-இல் லூரியாவும் டெல்புரூக்கும் வெளியிட்ட சோதனையை எடுத்துச் சொல்லுங்கள். பாக்டீரியாவைச் சிறு எண்ணிக்கையில் பல குழாய்களில் தனித்தனியே வளர்த்து, பிறகு அவற்றைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டுகளில் பரப்பினார்கள். வைரஸைத் தொட்ட பிறகுதான் எதிர்ப்புத்தன்மை உருவாகிறது என்றால், எல்லாக் குழாய்களும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் தப்பிய கூட்டங்களை (ஒரு செல் பெருகித் தட்டில் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளை) தரும். பரவற்படி, அதாவது எண்ணிக்கைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, சராசரிக்குச் சமமாக இருக்கும். முன்பே தற்செயலாக உருவாகியிருந்தால், சீக்கிரம் சடுதிமாற்றம் நிகழ்ந்த குழாயில் ஏராளமாகவும், மற்றவற்றில் ஒன்றிரண்டோ பூச்சியமோ ஆகவும் இருக்கும். கிடைத்தது இரண்டாவது. பரவற்படி சராசரியைவிடப் பன்மடங்கு பெரிதாக இருந்தது.

கணக்கில் பயப்படும் வகுப்பு என்றால் லெடர்பெர்க் இணையர் 1952-இல் வெளியிட்ட வெல்வெட் துணி முறையைச் சொல்லலாம். மருந்தில்லாத தட்டிலிருந்து துணியால் அச்செடுத்து மருந்துத் தட்டுகளில் பதித்தால், எல்லாப் பிரதிகளிலும் அதே இடங்களில் எதிர்ப்புக் கூட்டங்கள் முளைக்கின்றன. அப்படியானால் மூலத் தட்டிலேயே அவை இருந்திருக்க வேண்டும்.

காகித வட்டு விளையாட்டு நடத்துகிறோம். மாணவர்கள் ரசிக்கிறார்கள், ஆனால் தேர்வில் பழைய விடையே வருகிறது. எங்கே தவறு?

விளையாட்டில் இயற்கைத் தேர்வு மட்டும் தெரிகிறது, மரபுவழி தெரியவில்லை. விளையாட்டை இரண்டு சுற்றாக நடத்துங்கள்.

முதல் சுற்று வழக்கமானது. ஒரு மீட்டர் சதுரத் துணி, பூப்போட்டதாக இருக்கட்டும். துளையிடும் கருவியால் வெட்டிய வட்டுகள் ஐந்து நிறம், நிறத்துக்கு 20. நான்கு பேர் வேட்டையாடிகள். ஒவ்வொரு முறையும் திரும்பி நின்று, பிறகு பார்த்தவுடன் கண்ணில் பட்ட ஒன்றை எடுக்க வேண்டும். 25 எஞ்சும்போது நிறுத்துங்கள். எஞ்சிய ஒவ்வொன்றுக்கும் பதிலாக அதே நிறத்தில் நான்கு வட்டு போட்டால் மீண்டும் 100. நான்கு தலைமுறை ஓட்டினால் போதும்.

இரண்டாம் சுற்றில் எல்லாம் அதேதான், மரபுவழி மட்டும் இல்லை. 25 எஞ்சியதும் அவற்றை எடுத்து வைத்துவிட்டு, ஐந்து நிறமும் சம அளவில் கலந்த பையிலிருந்து கண்ணை மூடி 100 வட்டு எடுத்துப் பரப்புங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் வேட்டை கடுமையாக நடக்கிறது, ஒவ்வொரு முறையும் சில நிறங்களே தப்புகின்றன, ஆனாலும் நான்காம் தலைமுறைத் தொடக்கம் முதல் தலைமுறையைப் போலவே இருக்கிறது. தப்பிப் பிழைத்தல் மட்டும் பரிணாமம் ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி எங்களுக்குத் தெரியவில்லை.

கெட்டுப்போகும் இடங்கள்: வட்டு தடிமனாக இருந்தால் தடவியே எடுத்துவிடுவார்கள். துணி ஒரே நிறமாக இருந்தால் முதல் தலைமுறையிலேயே முடிந்துவிடும். கைப்பிடியாக அள்ளினால் தேர்வே நடக்காது. முடிந்ததும் "எந்த வட்டாவது நிறம் மாறியதா?" என்று கேட்க மறந்துவிடாதீர்கள்.

மரபியல் நகர்வை (தற்செயலால் மட்டுமே விகிதம் மாறுவதை) எப்படி நம்ப வைப்பது?

ஒரு பை, 5 கறுப்பு மணி, 5 வெள்ளை மணி. ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டு, குலுக்கி, மறுபடி எடுக்க வேண்டும். இப்படி 10 முறை. குறித்த எண்ணிக்கைதான் அடுத்த தலைமுறை. அதற்கேற்பப் பையை மாற்றி நிரப்பி, 10 தலைமுறை ஓட்டுங்கள். எட்டுக் குழுக்கள் செய்தால் பொதுவாக மூன்று நான்கு குழுக்களில் ஒரு நிறம் முற்றிலும் மறைந்துவிடும். எது மறையும் என்பதில் ஒழுங்கு இருக்காது. எல்லாக் குழுக்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 0.5-ஐ ஒட்டியே நிற்கும்.

திரும்பப் போடாமல் எடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரும்பிழை. பத்து மணியில் பத்தையும் எடுத்தால் ஐந்துக்கு ஐந்துதான் வரும், நூறு தலைமுறை ஆனாலும் ஒன்றும் நகராது. செய்முறைத் தாளில் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கணக்கு: பல்வகைமை (திரும்பப் போட்டு எடுக்கும் இரண்டு மணிகள் வேறு வேறு நிறமாக இருக்கும் வாய்ப்பு) ஒரு தலைமுறைக்கு, பையிலுள்ள மணிகளின் எண்ணிக்கையில் ஒரு பங்கு குறைகிறது. 10 மணி என்றால் 0.5-இலிருந்து பத்துத் தலைமுறையில் எதிர்பார்ப்பு 0.17. அதுவே 100 மணி என்றால் 0.45. நூறு மணியைக் கையால் எடுப்பது கொடுமை. அதை விரிதாளில் செய்து காட்டினால் போதும்.

ஹார்டி–வெய்ன்பெர்க் கணக்கில் மாணவர்கள் எங்கே வழுக்குகிறார்கள்?

மூன்று இடங்களில். அந்திமந்தாரை நல்ல எடுத்துக்காட்டு, ஏனெனில் கலப்பு மரபுவகை இளஞ்சிவப்பாகத் தனியே தெரியும். 100 செடிகளில் சிவப்பு 40, இளஞ்சிவப்பு 40, வெள்ளை 20 என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு அல்லீலின் (ஒரே மரபணுவின் மாற்று வடிவம்) விகிதம் (80 + 40) ÷ 200 = 0.6, வெள்ளையுடையது 0.4. சமநிலையில், அதாவது கலப்பு தற்செயலாக நடந்து, தேர்வோ நகர்வோ இல்லாதபோது, எதிர்பார்ப்பு 36, 48, 16 (0.6², 2 × 0.6 × 0.4, 0.4² ஆகியவற்றின் நூறு மடங்கு).

முதல் வழுக்கல்: எண்ணுவதற்குப் பதில் 0.20-க்கு வர்க்கமூலம் எடுத்து 0.447 என்பார்கள். வர்க்கமூலம் எடுப்பதே சமநிலை இருக்கிறது என்று முன்கூட்டி ஒப்புக்கொள்வதாகும். பிறகு அதே எண்ணை வைத்துச் சமநிலையைச் சோதிப்பது வட்டத்தில் சுற்றுவது.

இரண்டாவது, எண்ணியதும் எதிர்பார்த்ததும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனையின் கட்டின்மைப் படி. மூன்று வகுப்பு என்பதால் 2 என்பார்கள். விகிதத்தைத் தரவிலிருந்தே கணித்ததால் இன்னொன்று கழியும். எனவே 1, எல்லை மதிப்பு 3.84. கை-வர்க்க மதிப்பு 0.44 + 1.33 + 1.00, சுமார் 2.78, எல்லைக்குக் கீழே.

மூன்றாவது, "எனவே சமநிலை நிரூபிக்கப்பட்டது" என்ற முடிவுரை. இதே விகிதத்தில் 400 செடிகளைக் கொடுத்துப் பாருங்கள். மதிப்பு 11.1 ஆகிவிடும், சமநிலை மறுக்கப்படும். நூறு செடியில் விலகல் *பிடிபடவில்லை*, அவ்வளவுதான்.

ஓங்கு பண்பு காலப்போக்கில் தானாகப் பெருகிவிடும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே தீர்க்கலாம். ஹார்டி 1908-இல் இந்தச் சமநிலையைச் சொல்லும் கடிதத்தை எழுதியதே அந்தத் தவறான எண்ணத்துக்குப் பதிலாகத்தான்.

ஆய்வகத்தில் உண்மையான பரிணாமத்தை ஒரு வாரத்தில் காட்ட முடியுமா?

முடியும். மருத்துவத்தில் பயன்படும் மருந்துகளுக்கு எதிர்ப்புள்ள பாக்டீரியாவை மாணவர் ஆய்வகத்தில் உருவாக்காதீர்கள். அதற்குப் பதில் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் எஸ்.பி.டபிள்யூ.25 என்ற, தாவரங்களோடு வாழும் வகையைப் பயன்படுத்தலாம். ரெய்னியும் டிராவிசானோவும் 1998-இல் காட்டிய சோதனை இது.

கிங்ஸ் பி என்ற வளர்ப்பு ஊடகம், லிட்டருக்கு: புரோட்டியோஸ் பெப்டோன் 20 கிராம், கிளிசரால் 10 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.5 கிராம், மக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 1.5 கிராம். தட்டுகளுக்கு இதோடு அகார் 15 கிராம். 30 மி.லி. கண்ணாடிக் குப்பிகளில் 6 மி.லி. வீதம் ஊற்றுங்கள். ஒரே ஒரு வழுவழுப்பான கூட்டத்திலிருந்து ஓர் இரவு வளர்த்த கலவையில் 6 மைக்ரோலிட்டர் சேருங்கள். பாதிக் குப்பிகளை அசையாமலும் பாதியைக் குலுக்கியில் வைத்தும், 28 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் வையுங்கள்.

மூன்றாம் நாளளவில் அசையாத குப்பிகளின் மேற்பரப்பில் ஆடை படியத் தொடங்கும். ஏழாம் நாள் ஒவ்வொரு குப்பியையும் நன்றாகக் குலுக்கி, பத்து லட்சத்தில் ஒரு பங்காக நீர்த்து, 100 மைக்ரோலிட்டரைத் தட்டில் பரப்பி, 28 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். அசையாத குப்பியிலிருந்து சுருக்கம் விழுந்த கூட்டங்களும் வழுவழுப்பானவையும் கலந்து வரும். குலுக்கியதில் பெரும்பாலும் வழுவழுப்பானவை மட்டுமே. சுருக்கக் கூட்டம் ஒன்றைப் புதுத் தட்டில் கீறி வளர்த்தாலும் சுருக்கமாகவே வரும். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள், மரபுவழி என்பதற்கான சான்று இதுதான்.

காரணம் ஆக்சிஜன். சடுதிமாற்றத்தால் செல்லுலோசை மிகுதியாகச் சுரக்கும் செல்கள் ஒட்டிக்கொண்டு மேலே ஆடையாக நிற்கின்றன, காற்று அங்கேதான் கிடைக்கிறது. ஆகவே மூடியை இறுக்கினால் சோதனை பாழ். குப்பியை நாள்தோறும் கையிலெடுத்துப் பார்த்தால் ஆடை மூழ்கிவிடும். 37 டிகிரி அடைகாப்பானில் வைத்தால் இந்த இனம் சரியாக வளராது. ஒற்றைக் கூட்டத்திலிருந்து தொடங்காவிட்டால் "முதலிலேயே கலந்திருந்தது" என்ற ஐயத்துக்கு விடை இருக்காது. முடிந்ததும் எல்லாவற்றையும் 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து அகற்றுங்கள்.

பரிணாம மரத்தை மாணவர்கள் இடமிருந்து வலமாக வாசிக்கிறார்கள்.

நுனிகளின் வரிசைக்குப் பொருளில்லை என்பதைக் கையால் உணர வேண்டும். கம்பியையும் நூலையும் கொண்டு தொங்கும் மரம் ஒன்று செய்யுங்கள். நுனிகளில் சுறா, தவளை, பூனை, பல்லி, முதலை, புறா. ஒவ்வொரு கிளைப்பிரிவும் சுழல வேண்டும். ஆறு நுனியுள்ள, இரண்டிரண்டாகப் பிரியும் மரத்துக்கு ஐந்து பிரிவுகள், எனவே ஒரே உறவை 32 விதமாக வரையலாம். மூன்று விதமாக வரையச் சொன்னால் போதும்.

பிறகு கேள்வி: முதலைக்கு நெருங்கிய உறவு பல்லியா, புறாவா? தோற்றத்தைப் பார்த்துப் பல்லி என்பார்கள். புறாதான் விடை. அவற்றின் பொது மூதாதை பல்லியோடுள்ள பொது மூதாதையைவிடப் பிந்தியது. பண்பு அட்டவணை கொடுக்கும்போது நான்கு அறை இதயத்தை வேண்டுமென்றே சேருங்கள். முதலை, புறா, பூனை மூன்றுக்கும் அது உண்டு. அதை மட்டும் நம்பினால் பூனை புறாவோடு போய் ஒட்டிக்கொள்ளும். பிற பண்புகள் அதை மறுக்கும்போது, ஒரே பண்பு இருமுறை தோன்றலாம் என்பது விளங்கும். "தவளையிலிருந்து பல்லி வந்தது" என்று எவராவது எழுதினால், தவளை மூதாதை அல்ல, அதுவும் இன்றைய நுனிதான் என்று மரத்தைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

"குரங்கு மனிதனானால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?"

பெரியப்பா பிள்ளைகள் இருக்கும்போதே நாமும் இருப்பது போலத்தான். இருவருக்கும் தாத்தா ஒருவர். சிம்பன்சியும் மனிதனும் அப்படி. சான்று கேட்டால் குரோமோசோம்களை எண்ணச் சொல்லுங்கள். மனிதக் குரங்குகளுக்கு 48, நமக்கு 46. நமது இரண்டாவது குரோமோசோமின் நடுவில், முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய டி.என்.ஏ. வரிசை எதிரெதிராக ஒட்டியபடி கிடக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் இணைந்த தழும்பு அது.

"யாராவது கண்ணால் பார்த்தார்களா?"

பார்த்திருக்கிறார்கள். ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் ஈ. கோலை பாக்டீரியாவின் 12 இனக்கூட்டங்களோடு தொடங்கிய சோதனையில் நாள்தோறும் நூறில் ஒரு பங்கு புதுக் குடுவைக்குப் போகிறது. அது நாளுக்குச் சுமார் 6.6 தலைமுறை. ஒரே ஒரு இனக்கூட்டத்தில், சுமார் 31,500 தலைமுறை அளவில், ஆக்சிஜன் உள்ள சூழலில் சிட்ரேட்டை உண்ணும் திறன் தோன்றியது. 500 தலைமுறைக்கு ஒருமுறை உறையவைத்த மாதிரிகள் இருப்பதால், பழைய தலைமுறைகளை எழுப்பி மறுபடி ஓட்டிப் பார்க்கவும் முடிந்தது.

காலபாகஸின் டாப்னே மேஜர் தீவில் கிராண்ட் இணையர் 1977 வறட்சியில் கண்டதையும் சேருங்கள். சிறு விதைகள் தீர்ந்து, தடித்த அலகுள்ள பிஞ்ச் பறவைகளே கூடுதலாகத் தப்பின. அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது. 1982–83 பெருமழைக்குப் பின் சிறு விதைகள் மிகுந்தபோது தேர்வு எதிர்த்திசையில் திரும்பியது. பின்பாதியைச் சொல்லாமல் விட்டால் ஏணி மறுபடி வந்து நின்றுகொள்ளும்.

ஆழ்காலத்தை எப்படிக் காட்டுவது?

46 மீட்டர் கயிறு. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு. ஒரு முனை பூமியின் தோற்றம், மறுமுனை இன்று. இன்றிலிருந்து 3.75 மீட்டரில் டிக்டாலிக் (மீனுக்கும் நான்குகால் விலங்குக்கும் இடைப்பட்ட தொல்லுயிர்), 66 சென்டிமீட்டரில் பறவைகள் அல்லாத டைனோசர்களின் அழிவு, 3 மில்லிமீட்டரில் நம் இனம். கயிற்றைப் பிடிக்கும் முன் ஒவ்வொருவரும் ஊகத்தை எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் "தெரியும்" என்பார்கள்.

நம்பிக்கை காரணமாக ஒரு மாணவர் ஏற்க மறுத்தால்?

மதிப்பெண் புரிதலுக்கு மட்டுமே, ஏற்புக்கு அல்ல என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். விடைகளை "பரிணாமக் கோட்பாட்டின்படி விளக்குக" என்று கேட்டால் அந்த மாணவரும் நேர்மையாக எழுதலாம். வகுப்பில் பட்டிமன்றம் வைக்காதீர்கள், கேலியும் வேண்டாம். "வெறும் கோட்பாடுதானே" என்று வந்தால், நோய்களைக் கிருமிகள் உண்டாக்குகின்றன என்பதும் கோட்பாடுதான் என்று சொல்லிவிட்டு, சான்றுக்குத் திரும்புங்கள்.

தேர்வில் என்ன கேட்பது?

"இயற்கைத் தேர்வை வரையறு" என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். ஒரு பண்பு *தோன்றியதை* விளக்குவதைவிட *மறைந்ததை* விளக்குவதில் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எனவே குகை மீனின் கண்ணிழப்பைக் கேளுங்கள், அடுத்து ஒரு தாவரம் இழந்த பண்பைக் கேளுங்கள். வேறுபாடு, மரபுவழி, சந்ததி எண்ணிக்கையில் ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றுக்கும் தலா 2 மதிப்பெண். "பயன்படுத்தாததால் மறைந்தது" என்று வந்தால் 1 கழியும். பாடத்துக்கு முன்னும் பின்னும் அதே கேள்வியை வைத்தால் என்ன மாறியது என்று உங்களுக்கே தெரியும்.

மொத்தமே ஆறு மணி நேரம்தான். எதை விடுவது?

அறிஞர் வரலாற்றையும் "சான்றுகள்: 1, 2, 3" பட்டியலையும் வீட்டு வாசிப்புக்கு விட்டுவிடுங்கள். விதை அளத்தல் ஒரு மணி, வட்டு விளையாட்டின் இரண்டு சுற்றும் ஒரு மணி, மணிப்பை ஒரு மணி, மரம் இரண்டு மணி, திருத்தி எழுதுதல் ஒரு மணி. ஏழே கால் மணி கிடைத்தால் ஹார்டி–வெய்ன்பெர்க்குக்கு ஒன்று, கயிற்றுக்குக் கால்.